அறை நமது, விருந்தினர் யாருடையவர்?

ஊவா மாகாணத்தில் தரகர் என்பவர் புதியவரல்ல. 1883ஆம் ஆண்டு கொழும்பில் தேயிலை ஏலம் ஆரம்பமான காலம் முதல், நமது மலைகளில் பறிக்கப்படும் கொழுந்து தூளாகித் தரகர் வழியாகவே கடல் கடந்து செல்கிறது. தன் தேயிலையைக் குடிப்பவர் யாரென்று தோட்டத்துக்குத் தெரியாது. குடிப்பவருக்கும் தோட்டத்தின் பெயர் தெரியாது. இப்போது அறை வாடகையும் அந்த வழியிலேயே போகத் தொடங்கியிருக்கிறது.

பண்டாரவளையிலும் எல்லயிலும் சிறு விடுதிகள் நடத்தும் நம்மவர்கள் சிலரிடம் அண்மையில் பேசிப் பார்த்தேன். சென்ற மாதம் தங்கிச் சென்றவர்களில் எத்தனை பேரை உங்களால் திரும்பத் தொடர்புகொள்ள முடியும் என்று கேட்டேன். ஒருவர் சிரித்துவிட்டு, "பேர் இருக்கு நானா, ஆளப் புடிக்க ஏலாது. ஈமெயில் கூட அவங்கட சைட் குடுத்ததுதான்" என்றார். வருடம் முழுவதும் உழைத்தும் அவரிடம் ஒரு வாடிக்கையாளர் பட்டியல் இல்லை. நூறு ரூபா கடன் கொடுத்தாலும் கொப்பியில் பெயர் எழுதி வைக்கும் சமூகம் நாம்!

கணக்கைப் பார்ப்போம். புக்கிங் டொட் கொம் போன்ற தளங்கள் பெரும்பாலும் 15 சதவீதத்தை அண்டிய கமிஷன் எடுக்கின்றன. பட்டியலில் மேலே தெரிய வேண்டுமென்றால் இன்னும் கூடும். அத்துடன் 'ஜீனியஸ்' திட்டத்தில் சேர்ந்தால் குறைந்தது 10 சதவீதக் கழிவு கொடுக்க வேண்டும். அந்தக் கழிவு தளத்தின் பையிலிருந்தல்ல, விடுதிக்காரர் பையிலிருந்தே போகிறது. ஆக, 10,000 ரூபா அறை 9,000 ஆகிறது. அதில் கமிஷன் 1,350 ரூபா. கைக்கு வருவது 7,650. இதிலிருந்துதான் மின்கட்டணம், சலவை, காலை உணவு, வேலையாள் சம்பளம் எல்லாம். அறை நிரம்பியிருக்கிறது என்று சந்தோஷப்படும் சிலர் இந்தக் கழித்தலைச் செய்து பார்ப்பதேயில்லை.

"அவன் சரியில்லை என்றால் அகோடாவுக்கு மாறுவேன்" என்பவர்களும் உண்டு. புக்கிங் டொட் கொம்மை 2005இலும் அகோடாவை 2007இலும் வாங்கியது ஒரே அமெரிக்க நிறுவனம். இன்று அதன் பெயர் புக்கிங் ஹோல்டிங்ஸ். கடை இரண்டு, கல்லாப்பெட்டி ஒன்று.

இப்படிச் சொல்வதால் தளங்களே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டப்பட்டது, ரயில் 1924இல் பதுளைக்கு வந்தது. ஆனாலும் ஜேர்மனியில் இருக்கும் ஓர் இளைஞன் எல்லயில் மூன்று அறை கொண்ட ஒரு வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தது இணையத்தளங்கள் வந்த பிறகுதான். அந்த முதல் அறிமுகத்துக்கு விலை உண்டு, கொடுக்கத்தான் வேண்டும். தரகுக் கூலி மார்க்கத்தில் ஆகுமானதே. இமாம் புகாரி அவர்கள் தமது கிரந்தத்தில் அதற்கென ஒரு தனித் தலைப்பே இட்டுள்ளார்கள். அதேவேளை, சரக்குடன் வரும் ஒட்டகக் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும் நமக்குத் தெரியும். வருபவர் சந்தை விலையை அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கமென அறிஞர்கள் விளக்குகிறார்கள். இரண்டும் ஒரே விடயமென நான் சொல்லவில்லை. ஆனால் பயணி ஊருக்கு வருமுன்பே வழியில் சந்திக்கப்படுகிறார் என்பது மட்டும் யோசிக்க வேண்டியது.

இங்கே ஒரு தவறான பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தளத்தின் மூலம் வந்த விருந்தினரை வாசலில் வைத்து, "அதைக் கென்சல் பண்ணுங்க, காசாகத் தந்தால் குறைத்துத் தருகிறேன்" என்று சிலர் கேட்கிறார்கள். இது கெட்டித்தனமல்ல. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்குர்ஆன் (5:1) கட்டளையிடுகிறது. எதிரே இருப்பது முகம் தெரியாத வெளிநாட்டுக் கம்பனி என்பதால் அந்தக் கட்டளை தளர்ந்துவிடாது. அந்தப் பதிவின் கமிஷனைக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் அவர் இரண்டாம் முறை வரும்போது? அவருடைய நண்பர் வரும்போது? அங்குதான் நமது வியாபாரம் ஆரம்பிக்கிறது. விடைபெறும்போது வாட்ஸ்அப் இலக்கம் உள்ள ஓர் அட்டையைக் கொடுங்கள். கூகுள் வரைபடத்தில் உங்கள் விடுதியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் சரியாக இருக்கட்டும். அதற்குப் பணம் கேட்பதில்லை. நேரடியாக வருபவருக்கு அந்த 2,350 ரூபாவில் பாதியை விட்டுக் கொடுத்தாலும் இருவருக்கும் லாபமே. விலையைக் குறைக்க விருப்பமில்லை என்றால் காலை உணவையோ, ரயில் நிலையத்திலிருந்து முச்சக்கர வண்டியையோ கொடுக்கலாம். எதற்கும் முன் உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசியுங்கள். தளத்திலுள்ளதை விடக் குறைந்த விலையை வேறெங்கும் போடக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய சட்டத்தின் காரணமாக 2024இல் புக்கிங் டொட் கொம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. அந்தச் சட்டம் ஐரோப்பிய ஹோட்டல்காரருக்கானது, நமக்கல்ல.

நேரடித் தொடர்பின் அருமை கஷ்ட காலத்தில் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, விடுதிக்காரர்கள் வைத்திருந்த ரத்து நிபந்தனைகளை ஒதுக்கிவிட்டு எயார்பிஎன்பி நிறுவனம் பயணிகளுக்கு முழுப்பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகே விடுதிக்காரர்களுக்கென 25 கோடி டொலர் ஒதுக்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டபோதும் பதிவுகள் ரத்தாகின. தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. தொலைபேசியில் பேசிப் பழகியவரோ, பாதை எப்படி என்று விசாரித்து, திகதியை மாற்றிக்கொள்வார்.

பொத்துவில் முஸ்லிம்களிடம் அறுகம்பையில் விடுதிகள் உண்டு. அங்கு அலைச்சறுக்குப் பருவத்தில் வரும் வெள்ளையர்களில் பலர் எல்லக்கும் போகிறார்கள். பொத்துவிலிலிருந்து மொனராகலை, வெல்லவாய வழியாக ஒரு தொலைபேசி அழைப்பில் விருந்தினரை அனுப்பி வைக்க ஒரு அமெரிக்கக் கம்பனி தேவையா? இரு ஊர் விடுதிக்காரர்களும் இதுபற்றி ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் போதும்.

இனி, அறை தேடும் பக்கம். பதுளை நகருக்கு மொத்த வியாபாரத்துக்கோ விற்பனைப் பிரதிநிதியாகவோ போகும் நம்மவர்கள் தளத்தில் விலையைப் பார்த்துவிட்டு, விடுதிக்கே ஒரு அழைப்பு எடுங்கள். பாடசாலை விடுமுறையில் கல்முனை, காத்தான்குடிப் பக்கமிருந்து பண்டாரவளைக்குக் குடும்பத்துடன் வருபவர்களுக்கு இது இன்னும் அவசியம். சமையலறை ஹலாலா, மதுபானம் பரிமாறுகிறார்களா, எட்டுப் பேருக்கு ஒரே மாடியில் அறை கிடைக்குமா என்பதற்கெல்லாம் படத்தில் பதில் இருக்காது. முன்பணம் அனுப்பினால், திகதி, அறை எண்ணிக்கை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவரின் விடுதியானாலும் சரி.