பழைய பொக்லைன் வாங்குவோர் அறிய வேண்டிய செய்திக் கம்பிப் பழுதுகள்

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கங்களில் ஏரி வண்டலை வாரி நிலத்திற்கு அடிக்கவும், பண்ணைக்குட்டை வெட்டவும், முந்திரிக் கொல்லைகளைத் திருத்தவும் மண் வெட்டும் யந்திரங்களின் உபயோகம் பெருகி வருகின்றது. வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குப் பெறலாமெனினும், முறை வரும்வரை காத்திராமல் இரண்டு மூன்று மிராசுதார்கள் கூடிப் பழைய யந்திரமொன்றைக் கிரயத்திற்கு வாங்குவதும் உண்டு. டயர் யந்திரத்தைப் பொக்லைன் என்றும் ஜே.சி.பி. என்றும், சங்கிலி யந்திரத்தை ஹிட்டாச்சி என்றும் நம்மவர் சொல்லுவர். எல்லாம் கம்பெனிப் பெயர்களேயாம். வாங்குமுன் என்ஜின் புகையையும், பக்கெட் பின்களின் தேய்மானத்தையும், ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவையும் பார்க்க எல்லோரும் அறிவர். பழைய மாதிரிகளுக்கு அது போதுமாயிருந்தது.

1-4-2021 முதல் சக்கரமுள்ள கட்டுமான யந்திரங்களுக்குக் கடுமையான புகை விதிகள் அமுலுக்கு வந்தபின், என்ஜினுக்கு டீசல் விடும் அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் மின்னணுப் பெட்டியின் வேலையாயிற்று. அவ்வாறு வந்த யந்திரங்களே இப்பொழுது இரண்டாங்கை விலைக்கு வரத் தொடங்கியுள்ளன. என்ஜினுக்கு ஒரு பெட்டி, டிரைவர் முன்னுள்ள மானிட்டருக்கு ஒன்று, சில மாதிரிகளில் ஹைட்ராலிக்குக்கும் கியருக்கும் வேறு பெட்டிகள் என இருக்கும். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, முறுக்கிய இரண்டே கம்பிகளின் வழியாக. 'கான்' என்னும் இம்முறையை ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1986-இல் மோட்டார் வண்டிகளுக்காக வெளியிட்டனர். பெட்டிக்குப் பெட்டி தனித்தனிக் கம்பி இழுக்கும் செலவு இதனால் மிச்சம். ஆனால் அவ்விரு கம்பிகளில் ஒன்று கெட்டால் எல்லாப் பெட்டிகளும் ஊமையாகிவிடக்கூடும்.

அப்பொழுது மானிட்டரில் முள் துடிக்கும். பல பழுது எண்கள் ஒரே சமயத்தில் தோன்றும். என்ஜின் வேகம் ஏறாது, அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. பார்க்க வரும் மெக்கானிக் 'போர்டு போய்விட்டது' என்று சொல்லிப் புதுப் பெட்டிக்குப் பெருந்தொகை கேட்பார். என் அபிப்பிராயத்தில் இச்சொல்லை உடனே ஏற்பது தகாது. ஒரு பெட்டி மட்டும் கெட்டால் பெரும்பாலும் அதன் செய்தி மட்டுமே நிற்கும். மற்றவை தம்முள் பேசிக்கொண்டிருக்கும். பல பெட்டிகள் ஒருங்கே மௌனமானால், எல்லாவற்றிற்கும் பொதுவான பேட்டரி, எர்த், செய்திக் கம்பி ஆகியவற்றையே முதலில் சோதிக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி ஸ்டார்ட் செய்யும்போது 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் பெட்டிகள் மயங்கும். எர்த் கம்பியின் நட்டு துருவேறியிருப்பினும் அவ்வாறே.

செய்திக் கம்பியைச் சோதிக்கச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். கம்பித் தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடையுள்ள சிறு உறுப்பு ஒவ்வொன்று உண்டு. சில மாதிரிகளில் அது பெட்டிக்குள்ளேயே இருக்கும். இரண்டும் சேர்ந்து, இரு கம்பிகளுக்கும் இடையே 60 ஓம் காட்ட வேண்டும். சாவியை எடுத்து, பேட்டரித் தொடர்பையும் நீக்கி, சில நிமிஷம் பொறுத்துச் சோதனைக் கப்ளரில் அளக்கவும். ஒன்பது பின் உள்ள வட்டக் கப்ளராயின் சி, டி என்னும் எழுத்துள்ள பின்களே இவை; கம்பிகள் பெரும்பாலும் மஞ்சளும் பச்சையுமாயிருக்கும். 60-ஐ ஒட்டி வந்தால் தடம் அறுபடவில்லை. 120 வந்தால் எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனையின் தடை கழன்றிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது தடையொன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்தை நெருங்கினால் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்பொழுது பெட்டிகளின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி அளக்க, எதைக் கழற்றியதும் அளவு ஏறுகிறதோ அந்தக் கிளையில்தான் பழுது. சில யந்திரங்களில் இத்தகைய தடம் ஒன்றுக்கு மேலும் உண்டு.

பேட்டரியைச் சேர்த்துச் சாவி போட்டபின் ஒவ்வொரு கம்பியையும் எர்த்துடன் அளந்தால் ஒன்று இரண்டரை வோல்ட்டுக்குச் சற்று மேலும், மற்றது சற்றுக் கீழுமாக இருக்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் அது இரும்பில் உராய்கிறது. பேட்டரி அளவுக்கு ஏறினால் மின்சாரக் கம்பியோடு ஒட்டியிருக்கிறது.

2024-ஆம் வருஷம் முதல் தாசில்தார் அனுமதியின் பேரில் ஏரி வண்டலை விலையின்றி எடுக்க இடமிருப்பதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் நன்கறிவர். அவ்வருஷம் இவ்வட்டாரத்தில் அனுமதி பெற்ற ஒருவருடைய பழைய யந்திரம் ஏரிக்குள்ளேயே நின்றுவிட்டது. பெட்டியை மாற்ற லட்சத்திற்கு மேல் ஆகுமென்றார்கள். அனுமதிக் கெடுவோ நான்கு நாட்கள். அளந்ததில் 120 ஓம் வந்தது. காபின் தரைத்தகட்டைக் கழற்றிப் பார்க்க, எலி ஒரு கம்பியைக் கடித்திருந்தது. கம்பியைப் பற்றவைத்து, முறுக்கைக் கெடாமல் சுற்றியதும் யந்திரம் கிளம்பியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையின்றி நெல்வயல் ஓரத்தில் நிறுத்திய யந்திரத்தில் எலி குடியேறுவது சகஜம்.

மற்றொரு சத்துரு நம் களிமண். விருத்தாசலத்துப் பீங்கானைப் போலச் சுட்ட மண் மின்சாரத்தைத் தடுக்கும். அதனாலன்றோ மின் கம்பங்களில் பீங்கான் கிண்ணிகள் வைக்கிறார்கள். அதே மண் ஈரச் சேறாகக் கப்ளருக்குள் புகுந்தால் மின்சாரம் கசிந்து, பின்கள் பச்சை பூக்கும். ஆகையால் கப்ளர்களின்மேல் வேகமாய்த் தண்ணீர் பீச்சிக் கழுவலாகாது. பக்கெட்டுக்கு வெல்டிங் வைக்குமுன் பேட்டரியை நீக்கி, உற்பத்தியாளர் கூறியபடி பெட்டிகளின் கப்ளர்களையும் கழற்றி, வெல்டிங் எர்த்தை வேலை செய்யும் இடத்தருகிலேயே பிடிப்பது அவசியம். மெய்யாகவே பெட்டி எரிந்துபோவதற்கு இதில் காட்டும் அஜாக்கிரதை ஒரு முக்கிய காரணம்.

கிரயம் பேசப் போகையில், சாவி போட்டவுடன் எச்சரிக்கை விளக்குகள் யாவும் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா என்று பார்க்கவும். எரியாத விளக்கு வேண்டுமென்றே பிடுங்கப்பட்டதாகவும் இருக்கலாம். பழுது எண்கள் அன்று காலையில் அழிக்கப்பட்டிருக்கவும் கூடும். ஆதலால் ஒரு மணி நேரமாவது யந்திரத்தைச் சூடேற ஓட்டி, மீண்டும் எண்களைப் பார்த்து, பிறகு நிறுத்திக் கம்பிகளைக் கையால் அசைத்துக்கொண்டே ஓம் அளவைக் குறித்துக்கொள்ளவும். விற்பவர் அளப்பதற்கு இடங்கொடாவிடில், முன்பணம் கொடாமல் திரும்பிவிடலாம்.