பிளாட்பாரத்தில் பெயர் தெரியாத உடல்... ஆதார் கைரேகை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா?

மாம்பலம் ரயில் நிலைய பெஞ்சில் ஒரு பெரியவர் தூங்குவது போலச் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு துணிப்பை. போன் இல்லை, அடையாள அட்டை இல்லை. தட்டி எழுப்பினால் அசைவில்லை. இப்படி ஒரு நிலையில் அடுத்து என்ன நடக்கும்?

முதலில் யார் வருவார்கள்?

இறந்துவிட்டார் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். உயிர் இல்லை என்று உறுதியானால் போலீஸ் விசாரணை தொடங்கும். பிளாட்பாரம், தண்டவாளம் என்றால் ரயில்வே போலீஸ். அதுவே வெளியே ரங்கநாதன் தெரு என்றால் உள்ளூர் காவல் நிலையம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இயற்கைக்கு மாறான மரணம், சந்தேக மரணம் என்றால் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு பொருந்தும். 2024 ஜூலை 1 வரை இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவாக இருந்தது. அக்கம்பக்கத்தினர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் உடலை ஆய்வு செய்து, போலீஸ் அறிக்கை எழுத வேண்டும். மச்சம், தழும்பு, உடை விவரங்கள் பதிவாகும். பிறகு பிரேதப் பரிசோதனை.

ஆதார் இருக்கே, கைரேகை வச்சுப் பார்க்க முடியாதா?

முடியாது. ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவு, கைரேகை, கருவிழிப் பதிவுகளை யாருக்கும் தரக் கூடாது என்கிறது. போலீஸிடம் உள்ள கைரேகைத் தொகுப்பு குற்ற வழக்கில் சிக்கியவர்களுடையது. எந்த வழக்கிலும் சிக்காத சாதாரண மனிதரின் ரேகை அதில் இருக்காது.

டிஎன்ஏ உதவாதா?

உதவும். ஆனால் ஒப்பிட ஒரு உறவு வேண்டும். ஆஸ்திரேலியாவின் சோமர்ட்டன் கடற்கரையில் 1948 டிசம்பர் 1-ல் ஒருவர் இறந்து கிடந்தார். அவர் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என்று பேராசிரியர் டெரெக் அபோட் அறிவித்தது 2022-ல்தான். முடியில் எடுத்த டிஎன்ஏவைத் தூரத்து உறவினர்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டே அந்தப் பெயர் கிடைத்தது.

குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

'நாலு நாள்ல வந்துடுவாரு' என்று காத்திருக்க வேண்டாம். 24 மணி நேரம் கழித்துதான் புகார் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு ஊரில் பெயரில்லாத உடல், இன்னொரு ஊரில் காணாமல் போனவர். இரண்டையும் இணைப்பது அந்தப் புகார்தான். புகாரே இல்லாவிட்டால், யாரும் தேடி வராத உடலாக அரசே அடக்கம் செய்துவிடும்.

வீட்டுப் பெரியவர்கள் தனியாக ஊருக்குக் கிளம்பினால், சட்டைப் பையில் பெயரும் ஒரு போன் நம்பரும் எழுதிய சீட்டை வைத்து அனுப்புங்கள்.