முகம் காணாத பேச்சு



2019 மே 12ஆம் திகதி சிலாபம் நகரில் நிகழ்ந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து மூன்று வாரங்களே கழிந்திருந்த வேளை அது. முகநூலில் ஒருவர் முஸ்லிம்களை இழித்துரைத்து, தம்மை அழவைப்பது கடினம் என்ற கருத்தில் சிங்களத்தில் எழுதியிருந்தார். அதற்கு முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரே வரியில் பதிலிட்டார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் நீ அழுவாய் என்பதே அதன் பொருள். அவ்வரியை ஊரவர் இன்னொரு தாக்குதலுக்கான முன்னெச்சரிக்கை என வாசித்தனர். பள்ளிவாசலும் முஸ்லிம்களின் கடைகளும் கல்லெறிக்கு இலக்காகின. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் வன்முறை ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது; நாத்தாண்டியாப் பகுதியில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார்.

அந்த ஒரு வரியே இத்தனை அழிவுக்கும் காரணம் என்று கொள்வது தவறு. வெறுப்பைத் திட்டமிட்டு வளர்த்தோர் இருந்தனர். பழி அவர்களையே சாரும். எனினும், அவ்விருவரும் ஒரு கடைவாசலில் நேருக்கு நேர் நின்றிருந்தால் இந்த உரையாடல் இவ்வாறு சென்றிருக்குமா? எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதைக் கண்டதும் நாவு அடங்கும். அருகில் நிற்போர் இடையில் புகுந்து சமாதானம் செய்வர். திரையில் இவையொன்றும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜோன் சூலர் 2004இல் எழுதிய கட்டுரையில் இந்நிலையை ஆராய்ந்தார். நேரில் சொல்லத் துணியாததை மனிதர் இணையத்தில் எழுதத் துணிவதற்கு அவர் பல காரணங்களைக் காட்டுகிறார். எழுதுபவர் தம்மை எவரும் காணவில்லை என எண்ணுகிறார். பதில் உடனே வராததால், கல்லை எறிந்துவிட்டு ஓடுபவரைப் போல விலகிவிடவும் அவரால் முடிகிறது. அத்துடன், மறுபுறத்தில் உள்ளவரின் குரலையும் தோற்றத்தையும் தம் மனத்திலேயே புனைந்துகொள்கிறார். என் நோக்கில் இதுவே மிகுந்த கவனத்துக்குரியது. மனத்துக்குள் வரைந்துகொண்ட ஒருவருடனேயே நாம் பல வேளைகளில் சண்டையிடுகிறோம்.

பெயரை மறைப்பதே கடுஞ்சொல்லுக்குக் காரணம் எனப் பலர் நினைப்பதுண்டு. 2012இல் வெளியான ஆய்வொன்று அதனினும் வலிய காரணத்தைக் கண்டது: கண்ணோடு கண் நோக்க இயலாமை. சொந்தப் பெயரும் சொந்தப் படமும் தெரியும் குடும்ப வட்ஸ்அப் குழுக்களிலேயே மனிதர் ஏசிக்கொள்வது ஏன் என்பது இதனால் விளங்குகிறது.

எழுதுபவரின் நிலை இது; வாசிப்பவரின் நிலை வேறு. 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் மாணவர்களைக் கொண்டு சோதனையொன்றை நடத்தினர். சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் செய்தனர். நூற்றுக்கு 78 வாக்கியங்கள் சரியாக விளங்கும் என அனுப்பியோர் நம்பினர். விளங்கியவை ஏறத்தாழ 56. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் 50 சரியாக இருந்திருக்கும்! அதே வகை வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது நான்கில் மூன்று பங்களவு சரியாக விளங்கின. எழுதுபவரின் காதில் அவரது சொந்தக் குரல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வாசிப்பவருக்கு அது கேட்பதில்லை.

யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நமக்கு இது சிறிய விடயமன்று. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோரில் மீண்டு வந்து குடியேறியோர் ஒரு பகுதியினரே. வாப்பா சோனகத் தெருவில், சாச்சா புத்தளத்தில், மாமி கொழும்பில் என்று வாழும் குடும்பங்கள் எத்தனை! திருமண அழைப்பு, காணிப் பேச்சு, ஜனாஸா அறிவித்தல் யாவும் கைத்தொலைபேசி வழியே செல்கின்றன. "எப்ப ஊருக்கு வாறீங்க?" என்று இங்கிருந்து ஏக்கத்தோடு ஒருவர் எழுதுகிறார். புத்தளத்தில் அது, ஊரைக் கைவிட்டுவிட்டீர்களே என்ற குத்தலாக வாசிக்கப்படுகிறது. மறுமொழி சூடாக வருகிறது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்வாங்க எவருக்கும் மனம் வருவதில்லை. இத்தகைய கேள்வியை எழுத்தில் கேட்பதைவிட அழைத்துக் கேட்பதே தகும்.

வதந்தி பற்றியும் ஒரு சொல். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் கருத்தடை மாத்திரை கலந்ததாகப் பரவிய கதையின் மூலப்பொருள் வெறும் மாவுக் கட்டி என அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. ஆனால் கடைகளும் பள்ளிவாசலும் அதற்கு முன்பே தாக்கப்பட்டுவிட்டன. செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிப்பதை நாம் அறிவோம். வந்ததை ஆராயாது அனுப்பும் பழக்கம் பிள்ளைகளைவிடப் பெரியோரிடமே மிகுதி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சூலர் நன்மையான பக்கத்தையும் மறைக்கவில்லை. முகம் தெரியாததாலேயே சிலர் தம் துயரை முதன்முறையாக வாய்திறந்து சொல்கின்றனர். பரீட்சையில் தவறிய மகன், வாப்பாவிடம் சொல்ல அஞ்சியதை நள்ளிரவில் முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதுகிறான். அவர் நல்லவரா என்பது அவனுக்குத் தெரியாது. தொலைபேசியைப் பறித்துவிட்டால் அவனுக்கு அந்தக் காதும் இல்லாமற் போகிறது. எதிரே இருத்தி விசாரித்தாலோ அவன் வாய் மூடிக்கொள்கிறது. பள்ளிவாசலுக்கு அருகருகே நடந்து செல்லும் வழியிலோ, மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலோ அவன் பேசக்கூடும்; அங்கே குரல் கேட்கும், முகத்தை நேரே பார்க்க வேண்டியதில்லை.