சாருகேசியில் ஒரு எஃப் மைனர்

நம் சங்கப் பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுப் பாட்டு எழுதி, குழந்தைகளைப் பாட வைப்பது என் பொறுப்பு. தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகள் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். மெட்டு மனதில் நின்றால்தான் தமிழ்ச் சொல்லும் நிற்கும். ஆனால் கீபோர்டில் உட்கார்ந்தால் கை தானாகவே சி மேஜர், ஏ மைனர், எஃப், ஜி என்று ஓடுகிறது. "மாமா, இது போன வருஷப் பாட்டுதானே?" என்று ஒரு வாண்டு கேட்டே விட்டது!

புது கார்டுகளுக்கு நான் நாடுவது நம் 72 மேளகர்த்தாக்களை. ஒரு மேளத்தை எடுத்து, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சங்கராபரணத்தில் மேற்சொன்ன பழைய நான்கும் வரும். அதில் தைவதத்தையும் நிஷாதத்தையும் அரை ஸ்வரம் இறக்கினால் 26-வது மேளமான சாருகேசி. ஸட்ஜமம் சி என்றால், ம-த-ஸ எஃப் மைனர். ப-நி-ரி ஜி மைனர். சி மட்டும் மேஜராகவே நிற்கும். எஃப் மைனரிலிருந்து சி மேஜருக்குத் திரும்பும்போது, அழுத குழந்தை சிரிப்பது போலிருக்கும்.

எல்லா மேளமும் கைகொடுக்காது. முதல் மேளமான கனகாங்கியில் ஸ-க-ப அழுத்தினால் மேஜருமில்லை, மைனருமில்லை.

இன்னொன்று: குரல் கமகத்தில் அசையும் இடத்தில் கார்டு இடிக்கும். அங்கே தம்புரா மாதிரி ஸ-ப மட்டும் பிடியுங்கள். நீண்டு நிற்கும் ஸ்வரத்தில் கார்டை வையுங்கள். இந்த ஆண்டுப் பாட்டு சாருகேசிதான். ஒத்திகை ஞாயிறு மாலை.