குழல்விட்டமும் துப்பாக்கியின் எடையும்

ஜெலாப்பாங் போன்ற ஊர்களில் ‘பன்னிரண்டு போர்’ என்னும் துப்பாக்கிப் பெயர் புதிதன்று. ஓர் இராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று அடங்கும் குழலையே அவ்வெண் குறிக்கிறது. விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். ஆகவே இருபது போர் அதனினும் சிறியது.

ரைபிளுக்கோ எண் அங்குலக் கணக்கு. .243 என்பது 6.2 மில்லிமீட்டர் குண்டு; .308 என்பது 7.8 மில்லிமீட்டர் குண்டு.

மான் வேட்டைக்கு எடை குறைந்த ரைபிள் செய்விப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தோட்டா ஒன்றேயாயினும், துப்பாக்கியின் எடை குறையக் குறையத் தோளில் மோதும் பின்னுதைப்பு மிகும். அதற்கு அஞ்சும் கை குறி தவறும். விலங்கு உடனே மடியாது, புண்பட்டு அலையும். ஆதலால் தாங்கிச் சுடத்தக்க விட்டமே தக்கது.

‘மான்’ என்ற பொதுச்சொல்லால் அளவு விளங்காது. நம் மொழி கேளையாடு என்றும் கடமான் என்றும் பிரித்து வழங்குகிறது. 25 கிலோ அளவிலான கேளையாட்டுக்கு .243 போதும். 200 கிலோவை எட்டும் கடமானுக்கு .308 போன்ற கனத்த குண்டு வேண்டும். அப்போது துப்பாக்கியும் சற்றுக் கனத்தல் நன்று.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமின்றி மான் வேட்டையாடுதல் குற்றம் என்பதையும் மறவாதிருப்போம்.