கைப்பேசிக்குள் ஒரு கனல்

தில்லியிலிருந்து சென்னைக்கு 2,100 கிலோமீட்டருக்கு மேல். இந்நெடும் பயணத்தில் ஊரில் காத்திருப்போரையும் நம்மையும் பிணைப்பது கைப்பேசியே. அதற்கு உயிரூட்டும் லித்தியம் அயனி மின்கலத்தின் இயல்பை நாம் அறிந்திருத்தல் நலம்.

1991-இல் விற்பனைக்கு வந்த இம்மின்கலத்தின் ஆக்கத்திற்காக அறிஞர் மூவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். சிற்றுடலில் பேராற்றலை அடக்குவதே இதன் சிறப்பு, இடரும் அதுவே. உள்ளிருக்கும் இரு முனைகளையும் பிரிப்பது மெல்லிய ஏடு. ஊடே நிற்பதோ எளிதில் தீப்பற்றும் திரவம். நசுங்குவதாலோ மிகு வெப்பத்தாலோ ஏடு சிதையின் முனைகள் கூடும், வெப்பம் வெப்பத்தை வளர்க்கும், தீ எழும்.

ஆதலின், மின்னேற்றும் கருவியைத் தலையணையின் கீழ் வைத்தல் ஆகாது. வடநாட்டுக் கோடையில் பூட்டிய காருக்குள் விடுதலும் ஆகாது. உறைநிலைக்குக் கீழான குளிரில் மின்னேற்றுதலும் கேடே. நெடுநாள் பயன்படாத கருவியைப் பாதியளவு மின்னேற்றி, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைப்போமாக.

விமானத்தில் செல்கையில் பவர் பேங்க் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். சரக்கறையில் தீ எழுந்தால் உடனே அணைப்பார் யார்? 100 வாட் மணி வரை தனி அனுமதி பொதுவாக வேண்டுவதில்லை. 20,000 மில்லி ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74 வாட் மணி. ஆக, அது வரம்புக்குள் அடங்கும்.

உப்பிய மின்கலத்தைக் குத்துதலும் குப்பையில் எறிதலும் கூடா. மின்கழிவு பெறுமிடத்தில் ஒப்படைத்தலே முறை.

நலமாய் வந்து சேர்ந்தோம் என்ற சொல்லை ஊருக்குக் கொண்டு செல்வது இச்சிறு கலமன்றோ? அதைப் பேணுதல் நம் கடன்.