பத்தாம் மாதமா, பத்தாம் தேதியா?

தகவல் துளி. குறிஞ்சிப்பாடியில் கைலி வியாபாரம் செய்பவர் எக்செல் கணக்கில் 5-10-2024 என்று அடிக்கிறார். அவர் நினைத்தது அக்டோபர் 5. கணினி அமெரிக்க வழக்கில் அமைக்கப்பட்டிருந்தால், சத்தமில்லாமல் மே 10 என்று எடுத்துக்கொள்ளும். அங்கே மாதம்தான் முதலில்.

அதே கணினியில், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவான 14-11-1956-ஐ அடித்தால் கதை வேறு. பதினாலாம் மாதம் ஏது? கணினி அதைத் தேதியாகவே ஏற்காது; வெறும் எழுத்தாக, கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கும். தேதியாக ஏற்றவை வலது ஓரம் போகும். ஒரே பத்தியில் பாதி இடம், பாதி வலம் என்றால் உஷார்! வலப்பக்கம் போனவைதான் ஆபத்து. தவறு வெளியே தெரியாது.

வெளியிலிருந்து வந்த தேதிகளை எழுத்தாகவே ஒட்டுங்கள். பிறகு அந்தப் பத்தியைத் தேர்ந்து, 'டேட்டா' பட்டியில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய், மூன்றாம் படியில் 'டேட்' என்பதையும் 'டிஎம்ஒய்' என்பதையும் குறியுங்கள். நாள், மாதம், ஆண்டு என்று அது சரியாகப் படிக்கும். வெளியூருக்கு அனுப்பும்போது 2024-10-05 என்று ஆண்டை முன்னால் வைத்தால் குழப்பமே இல்லை; ஐஎஸ்ஓ 8601 தரமும் அதுதான்.

இன்னொன்று. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்திலுள்ள வடலூரில் சத்திய ஞான சபை கண்ட வள்ளலார் பிறந்தது 5-10-1823. இதை எந்த வழக்கில் அடித்தாலும் எக்செல் தேதியாக ஏற்காது. அதன் நாட்காட்டி தொடங்குவதே 1900 ஜனவரி 1-இல்தான்.